குக்கருக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம்

மொன்றியல்
வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணி

பெருமதிப்பிற்குரிய பரராசசிங்கம் ஐயா அவர்களுக்கு,

உருத்திரமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. கந்தசுவாமியார் கிருபையால் தாங்களும் தங்கள் பாரியாரும் ரொறன்ரோவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மனைவி சிவமலரும் மகள் கஜந்தினியும் சுகம் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுத மாட்டேன். ஏன் என்பது கீழே வருகிறது. நேற்று வரைக்கும் ‘சம்பந்தி’ என்று வாய் நிறையக் கூப்பிட்ட உங்களை இன்று ‘ஐயா’ என்று எழுத வேண்டி வந்துவிட்டதே என்ற கவலையோடுதான் பேனையைப் பிடித்திருக்கிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். காரணத்தோடுதான். போனில் நான் சொல்லுகிற ஒவ்வொரு சொல்லும் றேடியோ அலையாக மாறி, எதிர்க்கட்டடத்துக் கூரையில் நிற்கிற அன்ரெனாவுக்குப் போய், அங்கே இருந்து எங்கெங்கேயோ சுற்றி, அதற்குப் பிறகுதான் உங்கள் காதுக்கு வருகிறது. இதை எனக்குச் சொன்னது வேறு யாருமில்லை, உங்கள் மகன் பிருந்தன்தான். கடிதம் அப்படிக் காற்றிலே அலையாது. உறையை ஒட்டினால் ஒட்டினதுதான். இங்கத்தைய தபால்காரனுக்குத் தமிழும் தெரியாது.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை நீங்கள் உங்கள் வாயால் என்ன சொன்னீர்கள்? “வெள்ளிக்கிழமை காலமை ஒன்பது பத்தில இருந்து பத்து இருபது மட்டும் நல்ல நேரம். அதுக்குள்ள நான் எடுத்து எங்கட முடிவைச் சொல்லுறன்” என்றீர்கள். இன்று அந்த வெள்ளிக்கிழமை. ஒன்பது பத்தும் போனது, பத்து இருபதும் போனது, இப்போது இரண்டு மணி. ஒரு மணிச் சத்தம் இல்லை. நானும் சிவமலரும் குளித்து உடுத்து, அவள் கூறைச்சீலைக்கு அடுத்த நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு, போனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் அசையாமல் இருந்தோம். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம் ஐயா. நாங்களும் மனிசர்தானே.

ஆனால் எனக்கு இது ஆச்சரியமில்லை. தொடக்கத்திலேயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கஜந்தினிக்கு இதற்கு முதல் நான்கு இடம் வந்தது, நான்கையும் நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு பெடியன் கேட்காமலேயே தன் சம்பளத்தைச் சொன்னான். இன்னொருவன் அளவுக்கு மீறிச் சிரித்தான். மூன்றாவது பெடியனின் தாய் வீட்டுக்குள் வர முதலே வாசலில் நின்று வீட்டைப் புகழ்ந்தார், உள்ளே பார்க்காத வீட்டை எப்படிப் புகழலாம்? நான்காவது பெடியனில் ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்கு யோசனையாக இருந்தது. இப்படியே பிள்ளைக்கு முப்பத்தொரு வயதாகிவிட்டது. ஐந்தாவதாக நீங்கள் வந்தீர்கள். கஜந்தினி தானாக “ஓம் அப்பா” என்று சொன்ன முதல் இடம் இதுதான். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

நீங்கள் மகனை “பொறியியலாளர், டவுன்டவுனில வேலை” என்று மட்டும் அறிமுகப்படுத்தினீர்கள். என்ன பொறியியல் என்று சொல்லவில்லை. பெண்பார்க்க வந்த அன்று சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் மெல்லக் கேட்டு எடுத்தேன். அன்ரெனாக்களின் அலையை அளக்கிற வேலையாம்! எனக்குக் கையில் இருந்த பாயசம் இறங்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் அன்ரெனாவுக்கும் எனக்கும் இடையில் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. பங்குனி மாதம் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்ற பெரிய மரத்தைப் பூச்சி அரித்துவிட்டது என்று மாநகரசபை ஆட்கள் வந்து வெட்டிவிட்டுப் போனார்கள். மரம் போக, பின்னால் எதிர்க்கட்டடக் கூரையில் மூன்று வெள்ளைப் பெட்டிகள் என் படுக்கையறையை நேரே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அன்று பின்னேரமே எனக்குத் தலையிடி தொடங்கியது. அந்தக் கட்டடத்தைப் பார்க்கிற பற்றிக் என்ற மனிசனிடம் போய், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், எப்போது இதை வைத்தீர்கள் என்று சண்டைக்கு நின்றேன். அவன் சிரித்துக்கொண்டு, இது நிற்கத் தொடங்கி எட்டு வருஷம், இப்போதுதான் கண்டீர்களா முசியூ என்று கேட்டான். பாருங்கள் அநியாயத்தை! எட்டு வருஷமாக எனக்குத் தலையிடி இருந்திருக்கிறது, மரம் மறைத்தபடியால் எனக்கே தெரியாமல் போய்விட்டது.

அன்றே அயல்வீடுகளில் அன்ரெனாவுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கத் தொடங்கினேன், என் கட்டிலையும் கீழே பேஸ்மென்ற்றுக்கு இறக்கிவிட்டேன். அங்கே கல்லுச்சுவர், அலை இலேசில் வராது. ஆனால் அங்கே வந்த பிறகுதான் ஒன்று கண்டேன், கதைக்கும்போது போன் காதைச் சுடுகிறது. காலையில் நிறையச் சார்ஜ் ஏற்றினால் பின்னேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அன்ரெனாக்காரன் என்னைத் தேடிப் பேஸ்மென்ற்றுக்கும் வந்துவிட்டான் என்று சிவமலருக்குச் சொன்னேன். அவள், “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் பிருந்தனைத் தனியே வரச் சொன்னேன். வீட்டுக்கு மருமகனாக வரப்போகிறவன், அளக்கிற கருவியோடு வந்து அளந்து காட்டட்டும், உண்மை தெரியும் என்று நினைத்தேன். வந்தான். நல்ல மரியாதையான பிள்ளைதான், அதை மறைக்கக் கூடாது. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். கறுப்புப் பெட்டி ஒன்றை யன்னலடியில், அந்த மூன்று வெள்ளைப் பெட்டிக்கும் நேரே பிடித்தான். முள் அசையவே இல்லை என்று சொல்லலாம். “அங்கிள், அரசாங்கம் வச்ச வரம்பில இது ஒரு சதவீதமும் இல்லை. அந்த வரம்பே, பாதிப்புத் தொடங்கிற அளவில இருந்து ஐம்பது மடங்கு கீழதான் வச்சிருக்கு” என்றான். பிறகு என்னோடு பேஸ்மென்ற்றுக்கு வந்து, என் போனில் சிவமலரைக் கூப்பிடச் சொல்லி, அந்தப் பெட்டியை என் காதுக்குக் கிட்டப் பிடித்தான். அது துள்ளி எழும்பியது! அதாவது அவர்களுடைய அன்ரெனா சுத்தம், என்னுடைய போன்தான் குற்றவாளி. தன் கொம்பனிப் பெட்டியைக் கொண்டுவந்து தன் கொம்பனிக்குச் சார்பாக அளந்தால் வேறு என்ன வரும்? நானும் இருபத்தாறு வருஷம் டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதிகளைத் தராசில் நிறுத்துப் பார்த்த ஆள்தான். தராசை எந்தப் பக்கம் இருந்து பார்த்தால் எவ்வளவு காட்டும் என்பது எனக்குத் தெரியாதா?

அதோடு விட்டானா? எனக்கு ஒரு விளக்கமும் தந்தான். “அங்கிள், போனும் ஆக்களைப் போலத்தான். அன்ரெனா கிட்ட நிண்டால் மெல்லமாக் கதைக்கும். தூரத்தில, இல்லாட்டிச் சுவருக்குப் பின்னால நிண்டால், தன்ர சத்தம் கேக்காதெண்டு கத்தும். நீங்கள் பேஸ்மென்ற்றில இருந்து, சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டேக்க கதைக்கிறபடியால் கத்துது, அதுதான் சுடுது. மேல யன்னலடிக்கு வாங்கோ, அது தானா அடங்கிடும்” என்றான். நான் யோசித்தேன். இவன் போனைச் சொல்கிறானா, என்னைச் சொல்கிறானா? அன்று சாப்பாட்டு மேசையில் நான் கொஞ்சம் சத்தமாகத்தான் கதைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பெண்பார்க்க வந்த வீட்டில் இப்படிச் சுற்றி வளைத்துக் குத்திக் காட்டலாமா? அவன் தொழிலைப் பாருங்கள், அன்ரெனாவுக்குக் கிட்டப் போகச் சொல்கிறான். நெருப்புச் சுடுகிறது என்று ஓடி வந்தவனை அடுப்புக்குள் இருந்தால் சுகம் என்று சொன்னது மாதிரி இருந்தது எனக்கு.

சரி, புற்றுநோய் வருமா வராதா, நேரே சொல் என்று கேட்டேன். இந்த அலைக்கு உடம்பின் அணுவை உடைக்கிற பலம் இல்லை, கனக்கப் பட்டால் சூடாக்கும், அந்தச் சூடு வராத அளவுக்குத்தான் போனே செய்கிறார்கள் என்றான். அளவை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? உடம்பிலே ஒரு கிராம் சதைக்கு எவ்வளவு என்று. கிராமிலே தங்கம் வாங்கலாம், சதையை யார் ஐயா கிராமிலே பார்க்கிறது? அப்படியென்றால் உலகத்து டொக்டர்மார் பட்டியலில் போன் இருக்கிறதாமே என்று மடக்கினேன். “ஓம் அங்கிள், இருக்கு. ‘இருக்கலாம், ஆனா நிச்சயமா சொல்லேலாது’ எண்ட பகுதியில இருக்கு. அதே பகுதியில ஆசிய நாட்டு ஊறுகாயும் இருக்கு” என்றான். சொல்லும்போது அவன் கண் எங்கே போனது என்று நான் கண்டேன். மேசையில் சிவமலர் போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தல் திறந்தபடி இருந்தது. அவனே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்ட ஊறுகாய்! சிவமலர் போத்தலை மூடி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். கஜந்தினியோ அங்கே நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என் பிள்ளை அப்படிச் சிரித்துக் கனகாலம். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

ஆனாலும் என் பாதுகாப்பை நான்தானே பார்க்க வேண்டும்? செவ்வாய்க்கிழமை வட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. ஒரு பெரிய டொக்டர், பெயர் சொல்லவில்லை, போனைப் பாவிக்காத நேரத்தில் அலுமினியத் தாளில் சுற்றி உலோகப் பாத்திரத்துக்குள் வைத்தால் ஒரு கதிரும் வெளியே வராது என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். பெரிய டொக்டர் பொய் சொல்ல மாட்டார். பலகாரமாகப் பொரிக்கிற றோல்ஸைச் சுற்றி வைக்க வாங்கிய அலுமினியத் தாள் வீட்டில் கிடந்தது. பேஸ்மென்ற்றில் எங்கள் பழைய பெரிய பிறஷர் குக்கரும் இருந்தது, இருபது பேருக்குக் கடலை அவிக்கிற குக்கர். நேற்றுப் பின்னேரம் என் போனையும் சிவமலரின் போனையும் நிறையச் சார்ஜ் ஏற்றி, மூன்று சுற்றுத் தாளில் சுற்றி, குக்கருக்குள் வைத்து மூடியை முறுக்கினேன். மூடியில் ஆவி போகிற ஓட்டை ஒன்று இருக்கிறதே, அதால் கதிர் வெளியேறக் கூடாது என்று விசில் அடிக்கிற வெயிற்றையும் அதற்கு மேல் வைத்தேன்.

சிவமலர் கேட்டாள், “இஞ்சருங்கோ, நாளைக்கு அவை எடுக்கிற நேரம் எப்பிடிக் கேக்கும்?” என்று. நான் அதை யோசிக்காமல் இருப்பேனா? குக்கருக்குள் விசில் வந்தால் வீடு முழுக்கக் கேட்கிறது, போன் மணி கேட்காதா? கெட்ட கதிர் உள்ளே நிற்கும், மணிச் சத்தம் வெளியே வரும், உடனே மூடியைத் திறந்து எடுத்துக் கதைப்போம் என்று விளங்கப்படுத்தினேன். மூடியைத் திறக்க நான்கு செக்கன் எடுக்கிறது, மணிக்கூடு வைத்துப் பழகியும் பார்த்தேன். இன்று காலையில் நல்ல காரியம் வரப்போகிற பாத்திரம் என்று சிவமலர் குக்கருக்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்தாள். இரண்டு பக்கமும் இரண்டு கதிரை போட்டு அமர்ந்தோம். நான் மூடியின் கைபிடியில் கையை வைத்தபடியே இருந்தேன். ஒன்பது பத்து, ஒன்பது நாற்பது, பத்து. ஒரு தும்மல் வந்தது, அதையும் அடக்கினேன், மணிச் சத்தம் தவறிப் போய்விடக் கூடாதே என்று. இதற்கு மேல் ஒரு பெண்ணைப் பெற்றவன் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள். பத்து இருபதுக்குச் சிவமலர் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

நான் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டேன். உங்கள் மகன் போய் உங்களிடம், பெண்ணின் தகப்பன் கத்துகிறவன், ஊறுகாய்ப் போத்தல் வைத்திருக்கிற வீடு, அன்ரெனாவுக்கு எதிராகக் கையெழுத்து வாங்குகிற ஆட்கள் என்று சொல்லியிருக்கிறான். நீங்களும் கதவைச் சாத்திவிட்டீர்கள். கஜந்தினிக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் பெரியாட்கள் கதைக்கிற விஷயத்துக்குப் பெண்பிள்ளைக்கு எடுக்கக் கூடாது என்று நானே உங்களுக்குச் சொல்லி வைத்தது நினைவிருக்கிறது. அந்த மரியாதையையாவது காப்பாற்றினீர்கள், நன்றி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கஜந்தினி வேலையால் வந்துவிட்டாள். மணி ஐந்து. கண் இரண்டும் வீங்கியிருக்கின்றன. என் முகத்தைப் பார்த்தாள், நான் சொல்லட்டும் என்று பார்த்தபடி நின்றாள். நான் என்ன சொல்ல? குனிந்து எழுதினேன். “சா சுஃபி அப்பா” என்றாள். போதும் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை ஐயா. நான்கு தரம் நான் வேண்டாம் என்று சொல்லி அவள் மனதை உடைத்தேன். ஐந்தாவது தரம் நீங்கள் உடைத்துவிட்டீர்கள்.

ஆகையால் இந்தச் சம்பந்தம் எங்களுக்கும் வேண்டாம். கஜந்தினியின் சாதகக் குறிப்பைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிருந்தன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு நல்ல இடத்தில், ஊறுகாய் போடாத வீட்டில், மெல்லக் கதைக்கிற மாமனார் கிடைக்கட்டும் என்று வாழ்த்துகிறேன். தங்கள் பாரியாருக்கு என் மனைவியின் வணக்கம். தங்கள் முழங்கால் நோவுக்கு நான் சொன்ன எண்ணெயைத் தொடர்ந்து பூசவும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்படிக்கு,
இனி ஒருபோதும் தங்கள் சம்பந்தி ஆகாத,
ச. உருத்திரமூர்த்தி

பின்குறிப்பு: ஐயா, இல்லை, சம்பந்தி! மேலே எழுதினது ஒன்றையும் வாசிக்க வேண்டாம். வாசித்திருந்தால் மறந்துவிடுங்கள். இப்போது மணி ஆறு. வெள்ளிக்கிழமைக்குக் கடலை அவிக்க மற்றக் குக்கரின் றப்பர் போய்விட்டது என்று சிவமலர் கீழே வந்து பெரிய குக்கரைத் திறந்தாள். போன் இரண்டையும் வெளியே எடுத்துத் தாளை உரித்து, நேரம் பார்க்க மேலே யன்னலடிக்குக் கொண்டு போனாள். போய் நின்ற உடனே இரண்டும் டிங் டிங் டிங் என்று நிறுத்தாமல் அடிக்கத் தொடங்கின. என் போனில் உங்களுடைய அழைப்பு பதினொன்று, உங்கள் பாரியாருடையது சிவமலரின் போனில் ஆறு, உங்கள் குரல் தகவல் ஒன்று. அந்தக் குரல் தகவல் பத்துப் பதினெட்டுக்கு. நான் மூன்று தரம் போட்டுக் கேட்டேன். “சம்பந்தி, எடுக்கிறியள் இல்லை. காரியமில்லை, நேரம் போகுது, நான் நேரத்துக்குள்ள சொல்லிப்போடுறன். எங்களுக்குப் பூரண சம்மதம். உங்கட பிள்ளை இனி எங்கட பிள்ளை.” இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கச் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் மனிசன்!

மணிச் சத்தத்தைக் கேட்டு ஓடி வந்த கஜந்தினி என்ன கேட்டாள் தெரியுமா? “அவை எடுத்ததுக்கு நீங்கள் என்னப்பா சொன்னீங்கள்?” என்று. பிருந்தன் அவளுக்குக் காலையிலேயே சொல்லிவிட்டானாம், வீட்டில் சம்மதம், அப்பா எடுக்கிறார், உன்னுடைய அப்பா எடுக்கவில்லை என்று. நான் வேண்டுமென்றே எடுக்காமல் ஐந்தாவதையும் கலைத்துவிட்டேன் என்று நினைத்துப் பிள்ளை வேலையிடத்தில் நாள் முழுக்க அழுதிருக்கிறாள். நான் குக்கரைக் காட்டினேன். சந்தனப் பொட்டையும் கண்டுவிட்டாள். நிலத்தில் இருந்து சிரித்தாள், பிறகு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். சிவமலர், “பூனையை மடியில கட்டிக்கொண்டு சகுனம் பாத்த மாதிரி, போனைக் குக்கருக்குள்ள போட்டிட்டு நல்ல நேரம் பாத்திருக்கிறியள்!” என்றாள். இன்னொன்று, நிறையச் சார்ஜோடு வைத்த என் போன் நான்கு சதவீதத்தில் கிடந்தது. இரவு பகலாக உள்ளே கிடந்து அன்ரெனாவைத் தேடிக் கத்தியிருக்கிறது பாவம். பிருந்தன் போனைத்தான் சொல்லியிருக்கிறான். நான் மேலே எழுதின ஐந்து பக்கத்தையும் திருப்பி வாசித்தேன், என்னைச் சொல்லியிருந்தாலும் பிழையில்லை.

கிழித்துப்போடலாம் என்று எடுத்தால், அதற்குள் கஜந்தினி ஐந்து பக்கத்தையும் படம் பிடித்துப் பிருந்தனுக்கு அனுப்பிவிட்டாள்! அவன், “மாமாவிட்ட கேள், குக்கருக்கு றப்பர் வளையம் போட்டிருந்தவரோ?” என்று பதில் போட்டிருக்கிறான். அங்கிள் போய் மாமா வந்துவிட்டது. வளையம் போட்டுத்தான் இருந்தது என்று சொல்லுங்கள். அவன் அந்தப் படங்களை உங்களுக்குக் காட்டிவிட்டானோ என்பதுதான் இப்போது என் பயம், அதில் இந்தப் பின்குறிப்பு இல்லை. தபாலில் போட்டால் உங்களிடம் வர ஒரு கிழமை. ஆகையால் இதையும் படம் பிடித்து உடனே அனுப்பு என்று நானே அவளிடம் சொல்லிவிட்டேன். பக்கத்தில் போனோடு காத்துக்கொண்டு நிற்கிறாள். காற்றிலே வரட்டும்.

நாளை காலை ஏழு நாற்பதுக்குப் பிறகு நல்ல நேரம். எங்கள் சம்மதத்தைச் சொல்ல நானே எடுப்பேன். அந்த மூன்று வெள்ளைப் பெட்டிக்கும் நேரே, கோடு முழுக்கத் தெரிகிற யன்னலடியில் நின்று மெல்லமாகக் கதைப்பேன். முதல் மணியிலேயே எடுங்கோ சம்பந்தி, இரண்டாவது மணி அடித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.